செவந்தி கடையில் ஒரு மாதிரி வகுப்பு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் டீக்கடையில் ஒருமுறை, பூ விற்கிற அம்மாவிடம் ஒருமுறை, கடைசியாக அந்த பஸ் கண்டக்டரிடமே ஒருமுறை கேட்டேன்.

"போர்டுலயே எழுதிக் கீது. இன்னும் எத்தினி பேரக் கேப்ப?" என்றான், என்னைக் கொண்டுவந்து விட்ட தம்பி ஆரோக்கியம்.

"போர்ட மாத்தாம வந்திருந்தா?"

"வெள்ளிமலைக்கே இந்தக் கதி. இதுல நீ கம்போடியா போயி பாடம் நடத்தப் போற."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கொஞ்ச நாளாக அவன் வாயில் இதே பேச்சுத்தான். வேலை என்று கூட்டிப்போய் அடைத்துவைத்து, போனில் ஊரை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைக்கிறார்கள் என்று தினமும் ஒரு வீடியோ காட்டுவான். எனக்கு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவன் போன பிறகு என் போனில் தேடிப்பிடித்து முழுக்கப் பார்ப்பேன்.

என்னைக் கூப்பிட்டது ஏஜெண்ட் இல்லை, மரிசெல். மஸ்கட்டில் நான் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தபோது, அடுத்த வீட்டில் சமையல் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரி. வெள்ளிக்கிழமை மதியங்களில் இருவரும் பூங்காவில் உட்கார்ந்து, தெரிந்த இங்கிலீஷில் எங்கள் முதலாளியம்மாக்களைத் திட்டித் தீர்ப்போம். இப்போது அவள் கம்போடியாவில் ஹோட்டல் வேலையாட்களுக்கும் கடைக்காரர்களுக்கும் மாலை நேரத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர் நடத்தும் சின்ன வகுப்பு. இன்னொரு ஆள் வேண்டும் என்றதும் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

நான் ஒன்பதாவது பாதியில் படிப்பை விட்டவள். மரிசெலிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். "மேடம் உன் சர்டிபிகேட்டைக் கேட்க மாட்டார், ரெஜினா. வகுப்பைத்தான் கேட்பார்" என்றாள். ஒரு வகுப்பை வெட்டாமல் ஒட்டாமல் வீடியோ எடுத்து, சனிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அதில் தெரிய வேண்டும். பிடித்திருந்தால் மேடம் போனில் பேசுவார். பிடிக்காவிட்டால், சங்கராபுரத்து ஏஜெண்ட் குவைத்தில் ஒரு வீடு பார்த்துவைத்திருக்கிறார். மறுபடியும் யாரோ ஒருவருடைய சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, எனக்கு. இரண்டில் ஒன்று.

வகுப்புக்கு எதற்கு மலை ஏற வேண்டும் என்று கேட்கலாம். எங்கள் ஊரில் எடுத்தால், சர்ச்சுக்கு வருகிற பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். தெரிந்தவர்கள் முன்னால் தோற்பதற்குப் பயந்தேன். ஆரோக்கியம் தன் மினி லாரியில் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி சேலம் பக்கம் மாவு மில்லுக்குக் கொண்டுபோகிறவன். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ரோட்டோரம் தேனும் சாமையும் விற்கிற செவந்தி அவனிடம் சொல்லியிருக்கிறாள்: "கார்ல வர்றவங்க இங்கிலீசுல கேக்கறாங்க. நாங்க பல்லக் காட்டிக்கினு நிக்கறோம். உங்க அக்காவ அனுப்பு, சோறு நாங்க போடறோம்."

பஸ் கிளம்பியது. வாந்திக்கு எலுமிச்சம்பழம், இரண்டு பிளாஸ்டிக் பை, போன் சார்ஜ் தீர்ந்தால் இன்னொரு போன். எல்லாம் கையில் வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"மேல இன்னா வேல?"

"இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கப் போறேங்க."

"டீச்சரா?"

"இன்னும் ஆவல."

"கவர்மெண்டுல போடலியா?"

"நான் அவ்ளோ படிக்கலீங்க. மஸ்கட்டுல வூட்டு வேல செஞ்சேன். அங்க பேசிப் பேசி வந்துது."

"அங்க யாருக்கும் தமிழு வராதா?"

"அந்த வூட்ல வராது."

"பாவம்" என்றாள். என்னையா, அவர்களையா என்று கேட்கத் தோன்றவில்லை.

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறி, இரண்டு மூன்று வளைவு போயிருப்போம், பஸ் நின்றுவிட்டது. கீழே இறங்கி வந்த லோடு வண்டி ஒன்றின் கட்டு அவிழ்ந்து, வளைவு முழுக்க மரவள்ளிக் கிழங்கு கொட்டிக் கிடந்தது. ஒதுக்கினால்தான் பஸ் போகும். டிரைவர் சொல்வதற்கு முன்பே சனங்கள் இறங்கிப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். லோடு வண்டிக்காரர் குறுக்கும் நெடுக்கும் ஓடி, "எடுத்துப் போடுங்க, எடுத்துக்கினு போயிடாதீங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். என் பக்கத்து சீட்டு அம்மாள் வண்டிக்கு நாலு, தன் பைக்கு ஒன்று என்று முறையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். "கூலி" என்றாள் என்னிடம்.

மஸ்கட்டிலும் மலை உண்டு. வறுத்தெடுத்த மாதிரி, ஒரு புல் இல்லாமல் நிற்கும். அதில் போகும் ரோட்டில் ஒரு வண்டி நின்றால் போலீஸ் வரும்வரை யாரும் கண்ணாடியை இறக்க மாட்டார்கள். இங்கே கை முழுக்கச் செம்மண்ணோடு திரும்ப ஏறி உட்கார்ந்தபோது, நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்தவள் என்பது பஸ் முழுக்கத் தெரிந்திருந்தது. பின் சீட்டிலிருந்து ஒருவர் "குட் மார்னிங்" என்றார். மதியம் தாண்டியிருந்தது. திருத்தவில்லை.

செவந்தியின் கடை தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அருவிக்குப் போகும் கார்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மாணவிகள் மூன்று பேர். செவந்தி, அவள் கொழுந்தன் பெண்டாட்டி சின்னப்பொண்ணு, சின்னப்பொண்ணுவின் மருமகள் லட்சுமி. லட்சுமி பத்தாவது பாஸ். டீச்சரைவிட அதிகம் படித்த மாணவி.

முதல் நாள் வகுப்பை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. எழுந்து நிற்கச் சொன்னேன், நின்றார்கள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார்கள். அடுத்து என்ன என்று தெரியாமல், கை கழுவுவதற்கு இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று ஆரம்பித்தேன். பிறகு செருப்பு போடு, சத்தம் போடாதே, பல் விளக்கு.

"ஏம்மா," என்றாள் சின்னப்பொண்ணு, "வர்றவங்கள நாங்க பல்லு வெளக்கச் சொன்னா தேன் வாங்குவாங்களா, அடிப்பாங்களா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லாமல். அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் இத்தனை வருஷம் பேசிய இங்கிலீஷ் இரண்டே வகை. பிள்ளைகளிடம் கட்டளை, அவர்கள் அம்மாவிடம் மன்னிப்பு. ஒரு ஆளோடு சமமாக நின்று எதையாவது சொல்லியிருக்கிறேன் என்றால் மரிசெலோடுதான், அதுவும் திட்டுவதற்கு. இதை எடுத்துக்கொண்டு ஒரு தேசம் போய் என்ன சொல்லிக்கொடுப்பேன்?

சாயங்காலம் செவந்தி வீட்டில் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். அவள் என்னை உட்கார வைத்துப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிடுவதையே பார்த்தாள். மஸ்கட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சமையல் மேடையோரம் நின்றபடி சாப்பிட்டுப் பழகிய நான், எதிரில் ஒருவர் பார்க்க, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"இன்னா, காரமா?"

"இல்லக்கா. பாடம் சரியா வரல."

"முத நாளு ஏர் புடிச்சா கோணலாத்தான் போவும். பயப்படாம துன்னு."

அடுத்த நாள் நான் எதையும் ஆரம்பிக்கவில்லை. நீங்கள் அவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவ்வளவுதான், கொட்டிவிட்டார்கள். தேனுக்குள் விரலை விடாதீர்கள். இது சர்க்கரைப் பாகு இல்லை, மலைத்தேன். ருசி பார்க்கலாம், கரண்டியில். விலை கம்மி ஆகாது. "எங்களப் போட்டோ புடிச்சிக்கினு ஒண்ணும் வாங்காம போறீங்களே, இதுக்கு இன்னா இங்கிலீசு?" என்றாள் சின்னப்பொண்ணு. அதை நாகரிகமாகச் சொல்ல ஒரு வழி கண்டுபிடிக்கவே அன்று பாதி நேரம் போனது. அவர்கள் விற்கிற கடுக்காய்க்கு இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. தேடிப் பார்க்கலாம் என்றால் கடையில் சிக்னல் கிடையாது. ரோட்டில் இறங்கி, வளைவில் இருக்கிற மதகுப் பாலம்வரை போனால்தான் கிடைக்கும். "தெரியல, நாளைக்கு சொல்றேன்" என்றேன். சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. "சரி, அடுத்தது" என்றாள் லட்சுமி.

அதன் பிறகு வகுப்பு ஓடியது. திக்கித் திணறி, ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்து, தப்பாகச் சொல்லி, திரும்பச் சொல்லி ஓடியது. சின்னப்பொண்ணு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் "கண்ணு" சேர்த்துக்கொள்வாள். "நோ டச், கண்ணு." எனக்கு முதல்முறையாக, இது நடக்கும் போலிருக்கிறதே என்று தோன்றியது. தோன்றியதும் பயமும் வந்தது.

வெள்ளிக்கிழமை வீடியோ விஷயத்தை விளக்கிச் சொன்னேன். எனக்கு வேலை கிடைக்குமா கிடைக்காதா என்பது நாளைய வகுப்பில்தான் இருக்கிறது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்களப் பாத்துத்தான் என்ன எடுப்பாங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை கடைக்குப் போனால் கடையைக் காணோம். அலமாரியை மறைத்து ஒரு ஜரிகைப் புடவை கட்டியிருந்தது. எங்கிருந்தோ மூன்று நீல நாற்காலிகள் வந்திருந்தன. தேன் பாட்டில் இருந்த மேஜையில் தாம்பாளம். அதில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. மூன்று பேரும் கல்யாணப் பட்டுப் புடவையில், தலை நிறையக் கனகாம்பரம்.

"இன்னாக்கா இது?"

"பொண்ணு பாக்க வர்றாங்கன்னா வூட்ட சும்மாவா வெப்போம்?" என்றாள் செவந்தி. "உன்னத்தானே பாக்கறாங்க."

லட்சுமிக்கு மட்டும் நாற்காலி இல்லை. போனைப் பிடித்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. பதில் சொல்லத் தன் முறை வரும்போது போனைப் பிடித்தபடியே சொல்வதாக ஏற்பாடு. பட்டன் அமுக்கினாள். நான் தேன் பாட்டிலைத் தூக்கி, இது என்ன என்று இங்கிலீஷில் கேட்க வாயெடுத்தேன். கேட்டு முடிக்கவில்லை.

"திஸ் இஸ் ஹனி, மேடம். ஃப்ரம் அவர் ஹில். நோ சுகர்" என்றாள் செவந்தி, மூச்சு விடாமல்.

விலையைக் கேட்டேன். டக்கென்று வந்தது. ருசி பார்க்கலாமா என்று கேட்டேன். சின்னப்பொண்ணு எழுந்து நின்று, கரண்டியை நீட்டி, முழு வாக்கியம் சொன்னாள். "கண்ணு" இல்லை. எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. நேற்றுவரை மூன்று பேருக்கும் வராத ஒன்றைக் கேட்டேன். மூன்று பேரும் சேர்ந்து, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி சொன்னார்கள். கடைசியில் யாரும் கேட்காமலே "தேங்க் யூ, கம் அகெய்ன்" என்று கைகூப்பினார்கள்.

லட்சுமி முந்தின நாள் கேழ்வரகுக் கொல்லையில் களை வெட்டும்போதே இருவருக்கும் சொல்லிச் சொல்லி ஏற்றியிருக்கிறாள். ஒரு வரி தப்பினால் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று கட்டளை. எனக்குக் கண் கலங்கியது. ஆனால் இதை எப்படி அனுப்புவது? இந்த வீடியோவில் ஒருத்தி நின்று கேட்கிறாள், இருக்கிறவர்கள் ஒப்பிக்கிறார்கள். சொல்லிக்கொடுக்க அதில் ஒன்றுமே இல்லை. நாடகம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். சொன்னால் தப்பும் இல்லை.

"இன்னா டீச்சரம்மா, மூஞ்சி இப்பிடிப் போவுது? எங்கனா திக்கிட்டமா?"

"திக்கலக்கா. அதான் பிரச்சன."

விளக்கினேன். செவந்திக்கு முகம் விழுந்துவிட்டது. "ஒருத்தி திக்குனா உன்னத்தானே கொற சொல்லுவாங்க? பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, பொண்ணுக்கு ஒல வெக்கத் தெரியாதுன்னு நாங்களே சொல்லுவமா?"

"அவங்க எறக்கி வெச்ச கொழம்பப் பாக்க மாட்டாங்களாம்கா. அடுப்புக்கிட்ட நிக்கறதத்தான் பாப்பாங்களாம்."

"இது இன்னா எழவு சம்மந்தம்" என்றாள் சின்னப்பொண்ணு. கொஞ்சம் யோசித்தாள். "சரி வுடு. தப்பாச் சொல்லணும், அவ்ளோதானே? கேளு."

பெயரைக் கேட்டேன். சின்னப்பொண்ணு கூரையைப் பார்த்தாள், கன்னத்தில் விரல் வைத்தாள், பிறகு உரத்த குரலில் "லட்சுமி!" என்றாள். செவந்தியைக் கேட்டால், தேன் பாட்டிலைக் காட்டி "ரைஸ்" என்றாள், கூட்டத்தில் பொய்ச் சாட்சி சொல்கிறவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு. லட்சுமி போனைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பக்கம் சிரிப்பு. இன்னொரு பக்கம், சங்கராபுரத்து ஏஜெண்டுக்கு என்று போன் பண்ணுவது என்ற கணக்கு மனசுக்குள் ஓட ஆரம்பித்திருந்தது.

அந்த நேரத்தில்தான் கடை முன்னால் ஒரு கார் வந்து நின்றது. பெங்களூர் நம்பர். தலை நரைத்த ஒரு அம்மாவும் அவர் மகளும் இறங்கினார்கள். புடவையையும் தாம்பாளத்தையும் பார்த்து, ஏதோ விசேஷம் என்று நினைத்து மகள் பின்வாங்கினாள். செவந்தி பாய்ந்துபோய் ஜரிகைப் புடவையை இழுத்துப் போட்டு அலமாரியைக் காட்டினாள். "கம், கம்!"

அந்த அம்மா ஒரு தேன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். போன தடவை வேறு எங்கோ வாங்கிய தேன் ஃபிரிட்ஜில் வைத்ததும் கல் மாதிரி ஆகிவிட்டது, அது கலப்படம்தானே, இதுவும் அப்படித்தானா என்று இங்கிலீஷில் கேட்டார். நாங்கள் நடத்திய எந்தப் பாடத்திலும் இல்லாத கேள்வி.

செவந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தேன். மஸ்கட்டில் விருந்தாளிகள் யாராவது என்னைப் பார்த்து, குழந்தை நன்றாகத் தூங்குகிறதா என்று கேட்பார்கள். நான் வாக்கியத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே முதலாளியம்மா என் தலைக்கு மேலாகப் பதில் சொல்லிவிடுவார். நல்ல எண்ணத்தில்தான். அதன் பிறகு அந்த விருந்தாளி என்னிடம் எதுவும் கேட்க மாட்டார். வாயை மூடிக்கொண்டேன். திரும்பி நின்று, ஏற்கெனவே நேராக இருந்த பாட்டில்களை நேராக்கினேன்.

"ஃபிரிட்ஜ்..." என்றாள் செவந்தி எனக்குப் பின்னால். "ஃபிரிட்ஜ் நோ. ஃபிரிட்ஜ் வெச்சா... ஹனி ஸ்லீப்." திரும்பிப் பார்த்தேன். உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக் காட்டிக்கொண்டிருந்தாள். "சன் புட், ஹனி வேக் அப். குட் ஹனி. பேட் ஹனி நோ ஸ்லீப்!"

அந்த அம்மா மகளிடம் திரும்பி, இங்கிலீஷிலேயே, "நம்ம தேன் தூங்கியிருக்கு, தூக்கிக் கொட்டிட்டோமே" என்று சொல்லிச் சிரித்தார். மகள் பாட்டிலுக்குள் விரலை விடப் போனாள். "நோ டச், கண்ணு!" என்று சின்னப்பொண்ணு கரண்டியை நீட்டினாள். சாமையை எப்படிச் சமைப்பது என்று அடுத்த கேள்வி. செவந்தி கையைக் காட்டி, தண்ணீர் ரெண்டு, நெருப்பு சின்னது என்று தெரிந்த சொற்களை வைத்துக் கட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நிஜமாகவே முட்டிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், ஊற வெக்கறதுக்கு இன்னா?"

சொன்னேன். ஒரே ஒரு சொல். அதை வாங்கி அப்படியே அந்த அம்மாவிடம் கொடுத்தாள்.

அவர்கள் தேனும் சாமையும் வாங்கிக்கொண்டு காரில் ஏறிய பிறகுதான் லட்சுமி, "அய்யய்யோ, இத நிறுத்தவே இல்ல" என்று போனைக் காட்டினாள். காலையில் அமுக்கியது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கார் பின்னால் ஓடினேன். உங்கள் முகம் என் போனில் இருக்கிறது, ஒரு வேலைக்காக ஒருவருக்கு அனுப்பலாமா என்று மூச்சு வாங்கக் கேட்டேன். அந்த அம்மா சிரித்து, தேன்காரி வீடியோவில் நன்றாக விழுந்திருந்தால் தாராளமாக அனுப்பு என்றார்.

எந்தப் பகுதியை அனுப்புவது என்பதில் பெரிய விவாதம். முன்பாதி போதும் என்றாள் செவந்தி. பின்பாதியில் தன் தலைப்பூ கலைந்துவிட்டதாம். எனக்கு வேறு கவலை. பின்பாதியில் டீச்சர் என்று ஒருத்தி இருப்பதே தெரியவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டிலை அடுக்குகிறாள். ஆனால் மேடம் கேட்டது வெட்டாமல் ஒட்டாமல். பட்டுப் புடவையும் பொய்ச் சாட்சியும் தூங்கும் தேனும் எல்லாமாகச் சேர்த்து, வளைவு மதகில் நின்று அனுப்பினேன். அது போய்ச் சேரும்வரை போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். போகிற வருகிற ஜீப்பெல்லாம் எனக்கு டாட்டா காட்டின.

திரும்பி வந்து செவந்தியிடம், தேன் உறைவதற்குச் சரியான சொல்லைச் சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். "இது வாயில நிக்கல. தூங்குதுன்னு சொன்னாத்தான் அவங்க சிரிச்சாங்க" என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே இறங்கும் பஸ்ஸில் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். அடுத்த வளைவில் சிக்னல் போய்விடும் என்று இந்தச் சில நாளில் எனக்குத் தெரிந்திருந்தது. "அண்ணே, நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"வாந்தியாம்மா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க, வேல!"

என்ன புரிந்ததோ, டிரைவர் ஓரம் கட்டினார். எஞ்சினையும் நிறுத்தினார். பஸ் முழுக்க அமைதி. கூடையில் இருந்த ஒரு சேவல் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

மேடத்தின் இங்கிலீஷுக்கும் அவர் ஊர் ராகம் இருந்தது. வணக்கத்துக்குப் பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார். அந்தப் பெண் தேனைப் பற்றித் தப்பும் தவறுமாகச் சொன்னாரே, உங்களுக்குச் சரியாகத் தெரிந்திருந்தும் ஏன் திருத்தவில்லை?

வாய் பழக்கதோஷத்தில் மன்னிப்புக் கேட்கப் போனது. நிறுத்திக்கொண்டேன். "அவங்க வித்துக்கிட்டு இருந்தாங்க, மேடம். நான் பேசியிருந்தா, வாங்க வந்த அம்மா அவங்கள விட்டுட்டு என்னப் பார்த்திருப்பாங்க. அதுக்கப்புறம் அவங்ககிட்ட ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க." இதை நான் இங்கிலீஷில் எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. இவ்வளவு ஒழுங்காக இருந்திருக்காது.

"அப்புறமாவது திருத்தினீர்களா?"

"சரியான சொல்லச் சொன்னேன். அவங்களுக்குப் பிடிக்கல. அவங்க சொன்னதுதான் நல்லா இருக்குன்னு நானும் விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ கரகரத்தது. சிக்னல் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருந்தது. மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். தன்னிடமும் காய்கறி விற்கிறவர்கள், டிரைவர்கள் என்று ஒரு வகுப்பு இருக்கிறதாம். எந்த டீச்சர் போனாலும் அவர்களைத் திருத்தித் திருத்தியே வாயடைத்துப் போக வைத்துவிடுகிறார்களாம். மூன்று மாதம் வந்து பாருங்கள், உங்களுக்கும் எங்களுக்கும் ஒத்துவருகிறதா பார்ப்போம் என்றார்.

போனை வைத்தேன். பஸ்ஸே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, போன்னாங்களா, வான்னாங்களா?" என்றார் கண்டக்டர்.

"வரச் சொல்லிட்டாங்க."

"எந்த ஊருக்கு?"

"கம்போடியாங்க."

"அங்க இன்னா பேசுவாங்க, இங்கிலீசா?" என்று கேட்டார் சேவல்காரர்.

"இல்லீங்க. அவங்களுக்குத் தனி பாஷ. எனக்கு அதுல ஒரு வார்த்த தெரியாது."

"பின்ன கடகண்ணிக்குப் போனா இன்னா பண்ணுவ?"

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அடிவாரம்வரை அந்தக் கேள்விதான் மனசில் ஓடியது. அந்த ஊர்ச் சந்தையில், இரண்டே இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நான் கீரைக்காரியிடம் திணறுவேன். அப்போது பக்கத்தில் பாஷை தெரிந்தவர்கள் யாராவது நிற்பார்கள். நல்லவர்களாகத்தான் இருப்பார்கள், உதவி செய்யத் துடிப்பார்கள். அவர்கள் கொஞ்சம் திரும்பி நின்று, எதையாவது அடுக்கிக்கொண்டிருந்தால் போதும்.